மென்படலச் சூரியத் தகடு எவ்வாறு செய்யப்படுகிறது?

ஊரில் பொதுவாக 'சோலர்' என்று சொல்லப்படும் சூரியத் தகடுகளில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் கருநீல அல்லது கறுப்புச் சதுரங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின்மீது வெள்ளிக் கம்பி போன்ற கோடுகள் ஓடும். மற்றதில் சதுரமும் இல்லை, கம்பியும் இல்லை. முழுவதும் ஒரே கறுப்பாகவோ கபில நிறமாகவோ இருக்கும். கிட்டப் பிடித்துப் பார்த்தால் மாத்திரம் தலைமயிர் போன்ற மெல்லிய கோடுகள் சமாந்தரமாகத் தெரியும். இந்த இரண்டாவது இனத்துக்கே மென்படலத் தகடு என்று பெயர்.

இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம், கையிலிருக்கும் சொற்பக் காசைக் கொடுத்தோ உதவியாகவோ ஒரு தகட்டைப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த இனம் என்று தெரியாமற்போனால் அட்டையில் எழுதியிருக்கும் வாற் அளவை நம்பி ஏமாறலாம். பொருந்தாத பற்றரியில் தொடுத்து இரண்டையும் கெடுக்கலாம். நிழல் விழும் பக்கத்தை மாற்றி வைத்து, விளக்கு மங்குவதற்குக் காரணம் தெரியாமல் முழிக்கலாம். உடைந்த துண்டைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொள்வதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் விடை அந்தத் தகடு செய்யப்படும் முறையிலேயே இருக்கிறது. ஆகையால் இந்தப் பாடத்தில் நாம் தொழிற்சாலைக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

ஏன் மெல்லியதாகச் செய்கிறார்கள்?

சூரிய ஒளி குறைகடத்தி எனப்படும் சில பொருட்களின்மேல் விழும்போது, அவற்றுக்குள் கட்டுண்டிருக்கும் இலத்திரன்கள் விடுபடுகின்றன. வெவ்வேறு விதமாகப் பக்குவப்படுத்தப்பட்ட இரண்டு படைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால், அவை சந்திக்கும் எல்லை இலத்திரன்களை ஒரே பக்கமாகத் தள்ளிவிடும். முன்னும் பின்னும் ஒவ்வொரு கம்பி தொடுத்தால் அதுவே மின்னோட்டம். சூரியக் கலம் என்பது இவ்வளவுதான்.

சதுரங்கள் உள்ள தகட்டில் இந்தப் பொருள் பளிங்குச் சிலிக்கன். வெண்கல் மணலிலிருந்து சிலிக்கனைப் பிரித்துத் தூய்மையாக்கி, 1400 பாகைக்கு மேல் உருக்கி, பெரிய கட்டியாக வளர்த்து, பின்னர் மெல்லிய சீவல்களாக அரிகிறார்கள். மரம் அரியும் ஆலையில் பலகையோடு மரத்தூளும் குவிவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கும் அப்படியே. அரியும்போது விலையுயர்ந்த சிலிக்கனில் ஒரு பெரும்பங்கு தூளாகப் போய்விடும். இன்று ஒரு சீவலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு. முன்னர் அதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. அதனிலும் மிக மெல்லியதாக அரிந்தால் உடைந்துவிடும் என்பது ஒரு காரணம். பளிங்குச் சிலிக்கன் ஒளியை மெதுவாகவே உறிஞ்சுவதால் ஓரளவு தடிப்பு இல்லாவிட்டால் ஒளியில் ஒரு பங்கு வீணாகும் என்பது மற்றக் காரணம்.

ஆனால் வேறு சில பொருட்கள் ஒளியை விழுந்த இடத்திலேயே விழுங்கிவிடும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு தடிப்பே அவற்றுக்குப் போதும். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு இத்தகைய பங்குகளில் எழுபது அளவுக்கு வரும். இவ்வளவு மெல்லியதை அரிந்தெடுக்க எந்த வாளாலும் முடியாது. ஆகவே அரிவதை விட்டுவிட்டு, கண்ணாடியின்மேல் படியவைக்கிறார்கள். மண்ணெண்ணெய் லாம்பின் சிமினியில் கரி படிகிறதல்லவா? அந்தக் கரிப்படலத்தை யாரும் அரிந்து ஒட்டவில்லை. புகையிலிருந்து தானாகவே வந்து படிந்தது. மென்படலத் தொழிலின் அடிப்படை இதுதான். எதை, எப்படிப் புகையாக்கி, எந்த வேகத்தில் படியவைப்பது என்பதிலேயே ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் வித்தியாசம்.

இது புதிய எண்ணமும் அன்று. 1883இல் நியூயோர்க்கில் சாள்ஸ் ஃபிறிற்ஸ் என்பவர் ஓர் உலோகத் தகட்டில் செலேனியத்தை மெல்லியதாகப் பரப்பி, அதன்மேல் ஒளி ஊடுருவக்கூடிய பொன் படலத்தைப் பூசிச் சூரியக் கலம் செய்தார். விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாயிற்று. பளிங்குச் சிலிக்கன் கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வந்தபோது நூற்றுக்கு ஆறு கிடைத்தது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு மென்படலத்தைப் பெரிதாக எண்ணியவர் சிலரே.

வாயுவிலிருந்து சிலிக்கன்

முதலில் கடைகளுக்கு வந்த மென்படலம் உருவற்ற சிலிக்கன். பளிங்கில் அணுக்கள் நாற்றுமேடையில் வரிசை பிடித்து நட்டதுபோல ஒழுங்காக நிற்கும். உருவற்ற சிலிக்கனில் விதைத்த வயல்போலச் சிதறி நிற்கும். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் ஸ்பியர், லெகோம்பர் என்னும் இருவர் இந்தச் சிதறிய சிலிக்கனையும் இருவகையாகப் பக்குவப்படுத்தலாம் என்று காட்டினர். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஆர்.சீ.ஏ. ஆய்வுகூடத்தில் கார்ல்சனும் வொறொன்ஸ்கியும் அதிலிருந்து கலம் செய்தனர்.

செய்யும் விதம் இது. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒளி ஊடுருவுவதும் மின் கடத்துவதுமான வெள்ளீய ஒட்சைட்டுப் பூச்சு முன்னரே இடப்பட்டிருக்கும். கண்ணாடியை நன்கு கழுவி, இறுக மூடக்கூடிய உருக்குப் பெட்டிக்குள் வைத்து, பம்பியால் காற்றை வெளியேற்றுவார்கள். அதை ஏறத்தாழ 200 பாகைக்குச் சூடாக்கி, சிலேன் எனப்படும் வாயுவைச் சிறிதளவு உள்ளே விடுவார்கள். சிலிக்கனும் ஐதரசனும் சேர்ந்தது சிலேன். வானொலி அலைபோல வேகமாக மாறும் மின்சாரத்தைப் பெட்டிக்குள் செலுத்தியதும், குழாய் விளக்கு எரிவதுபோல வாயு ஒளிரும். அந்த ஒளிர்வில் சிலேன் உடைந்து, சிலிக்கன் கண்ணாடியில் படியும். சிறிது ஐதரசனும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

மூன்று படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்படும். முதற் படைக்குச் சிலேனோடு போரன் சேர்ந்த வாயுவைக் கலப்பார்கள். நடுப்படைக்குக் கலப்பில்லை. கடைசிப் படைக்குப் பொஸ்பீன் வாயு. நெற்களஞ்சியத்தில் வண்டு கொல்ல வைக்கும் மாத்திரையிலிருந்து கிளம்புவதும் இதே பொஸ்பீன்தான் என்றால் அதன் நஞ்சு எத்தகையது என்று விவசாயிகளுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. சிலேனோ காற்றுப் பட்டவுடன் தானாகவே தீப்பிடிக்கும். ஆகவே இது கொல்லைப்புறத்திற் செய்யும் கைத்தொழில் ஆகாது. மூன்று படையும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்குகூட வராது. அதன்மேல் அலுமினியம் அல்லது வெள்ளிப் பூச்சு இட்டால் கலம் முடிந்தது.

1980இல் யப்பானின் சான்யோ நிறுவனம் இதனைக் கல்குலேற்றருக்குள் வைத்து விற்கத் தொடங்கியது. இரவில் வீட்டு விளக்கின் கீழும் வேலைசெய்யும் அந்தக் கணக்குப் பெட்டியின் கபில நிறச் சாளரம், எம்மில் பலர் முதன்முதல் தொட்டுப் பார்த்த சூரியக் கலமாக இருந்திருக்கும்.

ஆனால் இந்தப் படலத்துக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. சிதறி நிற்கும் அணுக்களுக்கிடையே உள்ள இடைவெளிகளை ஐதரசன் அடைத்து வைத்திருக்கிறது. வெயில் பட்டதும் அந்த அடைப்புகள் சில கழன்றுவிடும். இதை 1977இல் ஸ்ரெப்லரும் வொறொன்ஸ்கியும் கண்டுபிடித்தார்கள். புதிய உருவற்ற சிலிக்கன் தகடு முதற் சில மாதங்களில் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இழந்து, பின்னர் ஒரு நிலையில் நிற்கும். அது பழுது என்று எண்ண வேண்டாம். அதன் சுபாவம் அப்படி. நேர்மையான உற்பத்தியாளர் குறைந்து நின்றபின் உள்ள அளவையே அட்டையில் எழுதுவார். மற்றவர் முதல் நாளில் அளந்ததை எழுதிவிட்டு இருந்துவிடலாம்.

கென்யாவில் நடந்ததை இங்கு சொல்வது பொருத்தம். 1990களில் அந்நாட்டுக் கிராமத்தவர்கள், அரசாங்க மின்கம்பி வருமென்று காத்திராமல், சிறு பட்டினக் கடைகளில் 10 முதல் 14 வாற் வரையான உருவற்ற சிலிக்கன் தகடுகளை ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். தேயிலையும் கோப்பியும் விற்ற காசு. வாங்கியவரிடம் அளவுகருவி இல்லை, விற்றவரிடமும் இல்லை. 1999ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்கள் அவற்றைச் சோதித்தபோது, சில பெயர்களில் வந்தவை சொன்னபடி வேலை செய்தன. வேறு சில, அட்டையில் இருந்ததைவிட மிகக் குறைவாகவே கொடுத்தன. ஒரே நிறம், ஒரே அளவு. வெளியே பார்த்து எவராலும் பிரித்தறிய முடியவில்லை. சோதனை முடிவுகள் வெளிவந்ததன் பின்னரே நிலைமை திருந்தத் தொடங்கியது. சில ஆண்டுகளின்பின் மறுபடி சோதித்தபோது, வேறு பெயர்களில் அதே குறை தலைகாட்டியது. ஒரு கிராமத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதானால், முதலில் ஒன்றை வாங்கி, நண்பகல் வெயிலில் அளந்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு மிகுதியை வாங்குவதே புத்தி. ஒரு சாதாரண மின் அளவுகருவி போதும். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அவருடைய அவசரம் அவருக்கு.

இதே படலத்தைக் கண்ணாடி இல்லாமலும் செய்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்ரான்ஃபோர்ட் ஒவ்ஷின்ஸ்கி என்றொருவர் இருந்தார். பழைய இரும்பு சேர்த்து விற்றவரின் மகன், கடைசல் இயந்திரத்தில் வேலை பழகியவர், பல்கலைக்கழகம் போகாதவர். பத்திரிகை அச்சடிப்பதுபோலச் சூரியக் கலத்தையும் சுருளில் ஓடவிட்டுச் செய்யலாம் என்று அவர் சொன்னபோது நம்பாதவர்கள் பலர். அவருடைய தொழிற்சாலையில் துருப்பிடிக்காத உருக்கு நாடா, இரண்டு கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்தில், பெட்டி பெட்டியாக நுழைந்து ஓடியது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படை படிந்தது. மொத்தம் ஒன்பது படைகள். வெளியே வந்த தகடு வளையும், கல்லெறிபட்டாலும் நொறுங்காது. அடிக்கடி இடம் மாறவேண்டிய குடும்பத்துக்கு இதனைவிட உகந்த தகடு வந்ததில்லை என்பது எமது அபிப்பிராயம். ஆனால் அந்தத் தாய் நிறுவனம் 2012இல் முறிந்துபோயிற்று. பளிங்குச் சிலிக்கனின் விலை அதற்குள் தலைகீழாக விழுந்துவிட்டது.

கற்பூரம்போல் எழுந்து படிவது

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் தொலிடோ என்ற நகரம் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்போனது. அங்கு ஹரல்ட் மக்மாஸ்ரர் என்பவர் வாகனங்களுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிய கண்ணாடியைப் பதப்படுத்தும் இயந்திரங்களைச் செய்து பொருளீட்டியவர். அவர் சூரியக் கலத்தைக் கண்ணாடிக்காரன் கண்ணாலேயே பார்த்தார். கண்ணாடி உருளைகளின்மேல் நிற்காமல் ஓடவேண்டும். ஓடும்போதே படலம் படியவேண்டும். முதலில் உருவற்ற சிலிக்கனில் முயன்றார். அது படியும் வேகம் அவருக்குப் போதவில்லை. ஆகவே 1990 அளவில் கட்மியம் தெலூரைட்டுக்கு மாறினார். அவர் தொடங்கிய நிறுவனமே 1999இல் கைமாறி ஃபேர்ஸ்ட் சோலர் ஆயிற்று. இன்று மென்படலத் தகடு செய்பவர்களில் முதலிடம் அதற்கே.

கட்மியம் தெலூரைட்டு, கட்மியமும் தெலூரியமும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்த பொருள். கடுஞ்சூட்டில் அது கற்பூரம்போல நேரே ஆவியாக எழும். குளிர்ந்த இடத்தில் மறுபடி படியும். இதில் ஓர் அதிசயம் உண்டு. படியும்போது கட்மியமோ தெலூரியமோ கூடிவிட்டால், கூடியது அந்தச் சூட்டில் நிற்கமாட்டாமல் திரும்பவும் ஆவியாகிப் போய்விடும். சரியான விகிதத்திற் சேர்ந்தது மாத்திரமே கண்ணாடியில் தங்கும். அளவு தவறினாலும் தானே திருத்திக்கொள்ளும் பொருள் இது. வேகமாக ஓடும் தொழிற்சாலைக்கு இதனைவிட வேறென்ன வேண்டும்?

600 பாகைக்குக் கிட்டச் சூடான கண்ணாடி உருளைகளின்மேல் ஓடிவரும். மேலே, தூளாக்கிய கட்மியம் தெலூரைட்டு ஆவியாக்கப்பட்டு, ஒரு மந்த வாயுவோடு சேர்ந்து கண்ணாடிமேல் ஊதப்படும். ஒரு நிமிடத்துக்குள் வேண்டிய தடிப்புப் படிந்துவிடும். இந்தப் படையின்கீழ் மெல்லிய மஞ்சள் நிறக் கட்மியம் சல்பைட்டு இடுவது பழைய வழக்கம். பின்னர் கட்மியம் குளோரைட்டு என்ற உப்பைப் பூசி, ஏறத்தாழ 400 பாகையில் மறுபடி சுடுவார்கள். புதுச் சட்டியைப் பழக்கி எடுப்பது போன்ற வேலை இது. பழக்காத படலம் அரைவாசி வேலைகூடச் செய்யாது. பழக்கியதும் அதன் மணிகள் பெருத்து, இடைவெளிகள் அடைபட்டுச் சீராகும். வெறுங்கண்ணாடி ஒரு முனையால் நுழைந்து, முடிந்த தகடாக மறுமுனையால் வெளிவர நான்கு மணித்தியாலம் அளவே செல்கிறது.

இதே பொருளை வேறு விதமாகவும் படியவைக்கலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு முலாம் பூசுவதை அறிந்தவர்களுக்கு அது எளிதாக விளங்கும். கட்மியமும் தெலூரியமும் கரைந்த தொட்டியில் கண்ணாடியைத் தோய்த்து மின்னோட்டம் விட்டால், இரண்டும் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டும். பீ.பீ. நிறுவனம் இந்த முலாம் முறையில் கலிபோர்னியாவில் தகடுகள் செய்தது. 2002இல் அதைக் கைவிட்டது. ஆனால் முறை சாகவில்லை. அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவரும், பேராதனையில் கற்றவருமான பேராசிரியர் ஐ. எம். தர்மதாச, பிரித்தானியாவின் ஷெஃபீல்ட் ஹலம் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக இந்த முறையை ஆராய்ந்து மாணவர்களைப் பயிற்றியவர். வெற்றிடப் பெட்டியும் பெரிய பம்பியும் வாங்க வசதியற்ற நாடுகளும் கையாளக்கூடிய முறை இது என்பதாலேயே இது எமக்கு முக்கியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையிலும் சூரியக் கல ஆய்வு நடக்கிறது; அங்கு டைற்றேனியம் ஒட்சைட்டையும் மின் கடத்தும் பல்பகுதியங்களையும் கொண்டு கலங்கள் செய்துபார்த்திருக்கிறார்கள்.

நான்கு சட்டி வைத்துச் செய்யும் கலம்

மூன்றாவது வகையின் பெயர் நீளமானது: செப்பு, இந்தியம், கலியம், செலேனியம் நான்கும் சேர்ந்த படலம். வெற்றிடப் பெட்டிக்குள் நான்கு சிறு மூசைகளில் நான்கையும் தனித்தனியே சூடாக்கி, நான்கு ஆவிகளும் ஒரே கண்ணாடியிற் படியவிடுவது ஒரு முறை. கட்மியம் தெலூரைட்டைப்போல இது தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. நான்கு அடுப்பில் நான்கு கறி வைத்துக்கொண்டு நான்கையும் ஒரே நேரத்தில் இறக்குவது போன்றது. ஆய்வுகூடத்தில் சிறு துண்டு அழகாக வரும். பெரிய கண்ணாடியில் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் விகிதம் மாறிவிடும். மற்றமுறையில், உலோகங்களை முதலிற் பூசிவிட்டு, பின்னர் செலேனியம் கொண்ட வாயுவில் வேகவைப்பார்கள். ஐதரசன் செலனைட்டு என்னும் அந்த வாயு மிகக் கொடிய நஞ்சு.

இந்த வகையில் நாம் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சாதாரண யன்னற் கண்ணாடியில் செய்த கலங்கள், விலையுயர்ந்த கண்ணாடியிற் செய்தவற்றைவிட நன்றாக வேலை செய்வதை ஆய்வாளர்கள் கண்டார்கள். காரணம் 1990களின் தொடக்கத்திலேயே தெளிவாயிற்று. யன்னற் கண்ணாடி செய்யச் சோடா சேர்ப்பார்கள். சூட்டில் அந்தச் சோடியம் சிறிது சிறிதாகக் கசிந்து படலத்துக்குள் ஏறியிருக்கிறது. அழுக்கு என்று எண்ணப்பட்டது உரமாயிற்று. இப்போது கண்ணாடி இல்லாமற் செய்யும்போதும் சோடியத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். யப்பானின் மியசாகியில் சோலர் ஃபுறொன்ரியர் நிறுவனம் 2011இல் இவ்வினத்துக்கென மாபெரும் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே 25 ஆண்டு உத்தரவாதம் என்று அட்டையில் எழுதியிருந்தால், எழுதியவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்பதையும் விசாரிக்க வேண்டும். இன்று உலகத்தில் விற்கும் தகடுகளில் மென்படலம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

2009இல் யப்பானில் மியசாகா என்ற பேராசிரியர் தொடக்கிவைத்த பெறோவ்ஸ்கைட்டு என்னும் புதிய படலத்தைக் கரைசலாக்கி மைபோலப் பூசிவிடலாம். வலுவில் அது பளிங்குச் சிலிக்கனுக்குக் கிட்ட வந்துவிட்டது. ஆயினும் ஈரத்தை அது தாங்குவதில்லை. பெரும்பாலானவற்றில் ஈயமும் உண்டு. எமது மாரிக்கு அது ஆயத்தமாகவில்லை.

கோடு கீறும் லேசர்

எந்த முறையிற் படியவைத்தாலும் கடைசியில் கண்ணாடி முழுவதும் ஒரே ஒரு பெரிய கலமாகவே இருக்கும். ஒரு கலத்தின் வோல்ற்றளவோ ஒன்றுக்கும் குறைவு. ஆகவே முதலிற் பூசிய கடத்திப் படையை லேசர் ஒளியால் நெடுகக் கீறிப் பிரிப்பார்கள்; குறைகடத்தி படிந்தபின் சற்றுத் தள்ளி இரண்டாம் கீறல்; பின்புற உலோகம் பூசியபின் இன்னும் சற்றுத் தள்ளி மூன்றாம் கீறல். இவ்வாறு மூன்று கீறலும் பக்கம் பக்கமாக விழும்போது, ஒரு கீற்றின் முன்புறம் அடுத்த கீற்றின் பின்புறத்தோடு தானாகவே தொடுபடும். கம்பி இல்லை, ஈயப்பற்று இல்லை. தொடக்கத்தில் நாம் சொன்ன தலைமயிர்க் கோடுகள் இவையே.

வாங்குபவர் கவனிக்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. 36 சதுரங்கள் உள்ள பளிங்குத் தகடு, சுமை இல்லாதபோது 21 வோல்ற் அளவு காட்டும். 12 வோல்ற் பற்றரிக்கு அது பொருந்தும். பெரிய மின்நிலையங்களுக்கென்று செய்த மென்படலத் தகடு ஒன்றில் 264 கீற்றுக்கள் இருக்கலாம். அத்தகடு தனியாகவே 200 வோல்ற்றுக்கு மேல் காட்டும். ஓட்டமோ இரண்டரை அம்பியர் அளவே. இதை 12 வோல்ற் பற்றரியில் நேரே தொடுத்தால் தகட்டின் வலுவில் பத்திலொரு பங்குகூடப் பற்றரிக்குப் போகாது. சாதாரண சார்ஜ் கட்டுப்படுத்தியோ எரிந்துபோகலாம். வெயிலில் அதன் வெறுங்கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. சூரியத் தகட்டுக்கு நிறுத்தும் ஆளி கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய கறுப்புத் தகட்டை வாங்குமுன், பின்புற அட்டையில் வோல்ற்றளவைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டுப் பாவனைக்கென்று செய்த சிறிய மென்படலத் தகடுகளும் உண்டு. அவற்றின் கீற்றுக்கள் 12 வோல்ற் பற்றரிக்கு ஏற்பவே கீறப்பட்டிருக்கும்.

நிழல் விடயமும் கீறலோடு சேர்ந்ததே. எல்லாக் கீற்றுக்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுபட்டிருப்பதால், வாய்க்காலில் ஒரு மதகு அடைபட்டால் கீழுள்ள வயல்களுக்குத் தண்ணீர் போகாததுபோல, ஒரு கீற்று முழுவதும் நிழலில் மறைந்தால் தகடு முழுவதும் தளரும். ஆனால் நிழல் எல்லாக் கீற்றையும் குறுக்கே சிறிது சிறிதாக மறைத்தால், மறைந்த அளவே குறையும். ஆகவே கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி தகட்டை வைக்கவேண்டும். அப்போது அடியில் வளர்ந்த புல்லின் நிழலோ, கீழ் விளிம்பிற் சேரும் புழுதியோ பெரிதாகக் கெடுக்காது. ஒரு காகம் எச்சமிட்டாலும் பளிங்குத் தகட்டுக்கு வரும் நட்டம் இதற்கு வராது. கடும் வெயிலிலும் இதற்கு ஒரு நன்மை உண்டு. வன்னி வெயிலில் தகட்டின் சூடு 60 பாகைக்கு ஏறும்போது, பளிங்குத் தகடு இழக்கும் வலுவைவிட உருவற்ற சிலிக்கன் ஏறத்தாழ அரைவாசியே இழக்கும்.

மூடி ஒட்டுதல், உடைந்தபின் செய்யவேண்டியது

கடைசி வேலை, படலத்தை ஈரத்திலிருந்து காப்பது. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பசைத்தாள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் மூடிச் சூடாக்கி அழுத்துவார்கள். விளிம்பில் றப்பர் போன்ற பூச்சுச் சுற்றிவரும். தகட்டின் ஆயுள் இந்த விளிம்பில்தான் தங்கியிருக்கிறது. பல மென்படலத் தகடுகளுக்கு அலுமினியச் சட்டம் இல்லை. ஆகவே மூலையில் துளையிடவோ, ஆணியால் நெம்பி இறுக்கவோ, விளிம்பை நிலத்தில் குத்தி நிறுத்தவோ கூடாது. இரண்டு மரச்சலாகைகளுக்கு இடையில் றப்பர்த் துண்டு வைத்துப் பிடிக்கலாம். பழைய சைக்கிள் ரியூப் நன்று. ஏற்றியிறக்கும்போது படுக்கையாக அடுக்காமல் நிறுத்திவைத்துக் கொண்டுபோங்கள். விளிம்பிலிருந்து உட்பக்கமாக வெள்ளை அல்லது கபிலப் படை படரக் கண்டால் ஈரம் நுழைந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அதைத் திருத்த வழியில்லை.

கட்மியம் நஞ்சு என்பது உண்மை. ஒரு சதுர மீற்றர் தகட்டில் கட்மியம் தெலூரைட்டு 15 கிராம் அளவில் இருக்கும். அதில் கட்மியம் அரைவாசி. தெலூரியத்தோடு இறுகிச் சேர்ந்திருப்பதால் மழைத்தண்ணீரில் அது இலகுவிற் கரையாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே முழுமையாக இருக்கும்வரை வீட்டுக்கு அதனால் ஆபத்தில்லை. நொறுக்கினாலோ எரித்தாலோ நிலைமை வேறு. உடைந்த தகட்டைக் குப்பையோடு கொளுத்த வேண்டாம். கிணற்றடியிலோ தோட்டத்திலோ புதைக்கவும் வேண்டாம். நெற்பயிர் கட்மியத்தை வேர்வழியே எடுத்து மணிவரை கொண்டுபோகும் பயிர். துண்டுகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, தடித்த உரப்பையில் இட்டுக் கட்டி, மழை படாத இடத்தில் பிள்ளைகள் கைக்கெட்டாமல் வைத்து, விற்றவரிடமோ மின்கழிவு சேர்ப்பவரிடமோ கொடுங்கள். ஃபேர்ஸ்ட் சோலர் நிறுவனம் 2005 முதல் பழைய தகடுகளை அரைத்து, கண்ணாடியையும் உலோகங்களையும் பிரித்தெடுத்து மறுபடி பாவிக்கிறது.

முகக்கண்ணாடி வெடித்தும் இன்னும் விளக்கு எரிகிறதே என்று அந்தத் தகட்டைக் கூரையில் விட்டுவைப்போர் உண்டு. வெடிப்பு வழியே ஈரம் இறங்கினால் அந்த வோல்ற்றளவு தகரக் கூரைக்கே ஏறலாம். மாலையில் வெயில் தாழ்ந்தபின், தடித்த துணியால் மூடிவிட்டு, உலர்ந்த கையால் கழற்றி இறக்குங்கள்.